முன்னால் கொடுக்கும் காசு, பின்னால் கொடுக்கும் காசு

சுமங்கலி. நம் பெண்களின் மூன்று வருச உழைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள ஸ்பின்னிங் மில்காரர்கள் தேடிக் கண்டுபிடித்த பேர் இது. மாங்கல்யத் திட்டம் என்றும் சொன்னார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் என்று நூல் ஓடுகிற மாவட்டங்களிலெல்லாம் இது ஓடியது. பெண் வேண்டும். கல்யாணம் ஆகாதவளாக வேண்டும். மில் ஹாஸ்டலிலேயே மூன்று வருசம் தங்கவேண்டும். முடித்துப் போகும்போது மொத்தமாக 30,000 முதல் 50,000 வரை கையில் தருவார்கள், அதை வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். 1967-லேயே தாலி இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் போட்ட மாநிலம் இது. இங்கேதான் தாலியைக் காட்டி ஆள் பிடித்தார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்கிற ஆய்வு நிறுவனம் 2011-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 60 சதம் பேர் தலித் பெண்கள் என்று அதில் இருந்தது. நமக்கு இதைச் சொல்ல நெதர்லாந்துக்காரர் வேண்டியதில்லை. பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை பக்கம் எந்த வளவுக்குள் போய்க் கேட்டாலும் மில்லுக்குப் போய்வந்த புள்ளை வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனாலும் அச்சில் வந்தால்தான் இந்த நாட்டில் நம் வீட்டுச் சங்கதி நமக்கே உண்மையாகிறது. அது கிடக்கட்டும்.

நான் எழுத வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. பதினேழு பதினெட்டு வயசில் ஒருத்தர் முன்னால் ஒரு தாளை வைத்து, இவ்வளவு தொகை தருகிறேன், கையெழுத்துப் போடு என்று சொன்னால் போடலாமா, வேண்டாமா? நம் தோழர்களிடம் இதற்கு ரெண்டு பதில் தயாராக இருக்கிறது. ஒன்று, போகாதே. இன்னொன்று, பாவம், விவரம் தெரியாம போயி மாட்டிக்குதுங்க. ரெண்டையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போகாதே என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான். விவரம் தெரியாது என்பது அதைவிடப் பெரிய பொய். எங்கள் பெண்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டால்தான் பதில் இருப்பதில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. யார் பேரில், எந்தத் தேதியில், எவ்வளவு என்று பார்ப்பதே பிழைப்பு. சில வருசத்துக்கு முன்னால் ஒரு மதியம் அப்பனும் மகளுமாக ஒரு செக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஒரு மில் கொடுத்த செக், அந்தப் பெண் பேரில். அப்பன் கேட்டார்: "ஏனுங் சார், இத எம்பட பேருக்கே போட்டுத் தர முடியுங்களா?" முடியாதுங்க, புள்ளையோட கணக்குலதான் போகும், எடுக்கறதுக்கும் அதுதான் கையெழுத்துப் போடணும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கல்யாணச் செலவுக்கு ஏற்கெனவே வெளியே வாங்கிவிட்டாராம். அந்தப் பெண் அதுவரைக்கும் பேசவே இல்லை. செலானைப் பூர்த்தி செய்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சார், மூணு வருசம் அவங்ககிட்டயே இருந்துச்சுங்களே, வட்டி ஏதாச்சும் போட்டிருப்பாங்களா?"

போடவில்லை. அவள் கேட்ட கேள்வியை நம் பொருளாதார அறிஞர்கள் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் படித்ததில்லை. அதனால் அந்தக் கணக்கை இங்கே போட்டுவிடுகிறேன். 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 36 மாசத்துக்கு வகுத்தால் மாசம் 1,111 ரூபாய். அதை மாசாமாசம் அவள் கையிலேயே கொடுத்து, அவள் போய் 7 சதத்துக்கு ஒரு ஆர்.டி. போட்டிருந்தால் கடைசியில் 4,300-க்குக் குறையாமல் வட்டி வந்திருக்கும். இது சின்னக் கணக்கு. மில் பக்கத்திலிருந்து பாருங்கள். 500 பெண்கள் இருக்கிற ஹாஸ்டல். புதுசாகச் சேர்ந்தவள் கணக்கில் ஒன்றும் இல்லை, முடிக்கப்போகிறவள் கணக்கில் 40,000. சராசரி ஆளுக்கு 20,000 போட்டால் ஒரு கோடி ரூபாய். வட்டி கிடையாது, ரசீது கிடையாது, ரிசர்வ் வங்கி கேட்காது. அதே மில் எங்களைப் போன்ற வங்கியில் கேஷ் கிரெடிட் எடுத்தால் 10 சதம் என்றாலும் வருசத்துக்கு 10 லட்சம் வட்டி கட்டவேண்டும். ஆக, வளவுப் பெண்கள்தான் மில்லுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவள் ஹாஸ்டல் கேட்டுக்குள், வாங்கியவன் காருக்குள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாசம் 26 ஷிப்ட், மூன்று வருசத்துக்கு 936 ஷிப்ட். 40,000-ஐ அதால் வகுத்தால் ஷிப்டுக்கு 43 ரூபாய்கூட வரவில்லை. அவளுக்குக் கொடுத்த தினக்கூலி, சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியைவிட 43 ரூபாய் குறைவாக இருந்திருந்தால் போதும், கடைசியில் கொடுத்த மொத்தத் தொகையும் அவளுடைய சொந்தக் காசுதான். சன்மானமும் இல்லை, சீதனமும் இல்லை. அதற்கு ஒரு மஞ்சள் பூசிக் கொடுத்திருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா என்றால், கூடாது. 1936-ல் வெள்ளைக்காரன் போட்ட சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, சம்பள காலம் ஒரு மாசத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த சட்டப்படி 24 மாசத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. மூன்று வருசம் முழுசாக உழைத்தவள் ஒன்றரை முறை நிரந்தரமாகியிருக்கவேண்டும். அதனால்தான் அவளைத் தொழிலாளி என்று எழுதாமல் 'அப்ரண்டிஸ்' என்று எழுதினார்கள். ரிங் பிரேமில் சைடு பார்க்கப் பழகுவதற்கு எத்தனை மாசம் ஆகும் என்று மில்லுக்குப் போய்வந்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள். மூன்று வருசம் பழகிக்கொண்டே இருந்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, இன்னொரு கூட்டமும் இருக்கிறது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்தைப் பார்த்திருப்பீர்கள், 2014-ல் வந்தது, ஏ.ஆர். ரகுமான் இசை. உத்தரப் பிரதேசத்து லாரி ஓட்டுநர் மகன் ரிங்கு சிங், அவரோடு தினேஷ் பட்டேல், ரெண்டு பேரும் ஈட்டி எறிகிற பையன்கள், பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. 2008-ல் இங்கே நடந்த பந்து எறியும் போட்டியில் தேர்வாகி, அந்த வருசக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்கிற அணியில் கையெழுத்துப் போட்டார்கள். படம் அங்கே முடிந்துவிடுகிறது. ரெண்டு பேருமே பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ரிங்கு சிங் பின்னாளில் மல்யுத்தக் காட்சிக்குப் போனார்.

அந்த ஊரில் 1965-லிருந்து ஒரு முறை இருக்கிறது. வருசத்துக்கு ஒருதரம் அணிகள் வரிசையாக நின்று, பள்ளி முடித்த பையன்களையும் கல்லூரிப் பையன்களையும் பேர் சொல்லி எடுக்கும். ஒருத்தனை ஓர் அணி எடுத்துவிட்டால் அவன் வேறு அணியோடு பேசக் கூடாது. ஏலமாடு மாதிரிதான், ஒரு வித்தியாசம், விலை கேட்க ஒரே ஆள்தான். அப்புறம் கையெழுத்துத் தொகை பேசுவார்கள். பள்ளி முடித்த பதினெட்டு வயசுப் பையனுக்கு இங்கேதான் கேள்வி வருகிறது: இப்போதே வாங்கிக்கொண்டு சின்ன லீக்குக்குப் போவதா, வேண்டாமென்று கல்லூரிக்குப் போய் மூன்று வருசம் கழித்து மறுபடி வருவதா? நான்கு வருசக் கல்லூரியில் சேர்ந்தால் பொதுவாக மூன்றாம் வருசம் முடியும்வரை, இல்லாவிட்டால் 21 வயசு ஆகும்வரை எடுக்க மாட்டார்கள். அங்கேயும் மூன்று வருசம்!

தொகை நமக்குத் தலை சுற்றும். 2023-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பால் ஸ்கீன்ஸ் என்பவருக்கு, அதே பிட்ஸ்பர்க் அணி கொடுத்தது 92 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அவர் கல்லூரியிலிருந்து வந்தவர். தொகையை விடுங்கள், அது அவர்கள் ஊர்ப் பணம். நான் பார்ப்பது வேறு. அந்தக் காசு முன்னால் வருகிறது. மறுவருசம் அவன் கை ஒடிந்து ஆட முடியாமல் போனால் நஷ்டம் அணிக்கு. படிப்பை விட்டு வருகிறவன், பின்னால் படிக்கவும் நீதான் செலவு பண்ணணும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க முடிகிறது. நம் பெண்ணுக்குக் காசு பின்னால் வருகிறது. முப்பத்தஞ்சாவது மாசத்தில் கையில் மெஷின் பட்டாலும், பஞ்சு அடைத்து மூச்சு வாங்கினாலும், அம்மா செத்துப்போய் ஊருக்கு வந்துவிட்டாலும் 38,000-க்கு மேல் போச்சு. நஷ்டம் முழுக்க அவளுக்கு. ஒரு தாளில் யார் நஷ்டத்தைச் சுமக்கிறார் என்று பார்த்தால் போதும், மற்ற வரிகளைப் படிக்கவே வேண்டாம்.

முன்னால் வருகிற காசெல்லாம் நல்ல காசு என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக்கு முன்பணம் கொடுப்பார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கொடுப்பார்கள். கையில் வாங்குகிற அன்றைக்குத் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் அது கடன், தீராது. அதற்கு முன்னால் கொங்குப் பண்ணையங்களில் எங்கள் தாத்தன்கள் பண்ணையத்து ஆளாக நின்றதும் இப்படித்தான். கல்யாணத்துக்குப் பண்ணாடி கொடுத்த காசு, அதற்கு ஈடாக அப்பன், அப்புறம் மகன். சுமங்கலியில் கல்யாணம் கடைசிக்குப் போய்விட்டது, முதலில் உழைப்பு. அவ்வளவுதான் மாற்றம். பண்ணையாள் காலத்தில் கடன் நம் தலையில் இருந்தது. இப்போது கடன் அவர்கள் தலையில் இருக்கிறது. அப்படியும் கட்டிப்போட்டது நம்மைத்தான்!

அமெரிக்கப் பையனால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதே, அது எப்படி? 2014-ல் பிரேடி எய்க்கன் என்கிற பள்ளிப் பையனை ஹூஸ்டன் அணி முதல் ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கையில் ஏதோ சந்தேகம் என்று பேசிய தொகையைக் குறைத்தார்கள். பையன் போய்யா என்று வந்துவிட்டான். மறுவருசம் முழங்கை அறுவைச் சிகிச்சையே ஆகிவிட்டது. அப்படியும் கிளீவ்லாந்து அணி 17-வது ஆளாக எடுத்துக் கோடிக்கணக்கில் கொடுத்தது. அவர் பெரிய லீக் வரைக்கும் போகவில்லை என்பது பிறகு நடந்த கதை. அவரை வீரர் என்று கொண்டாட நான் வரவில்லை. அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. கல்லூரி அழைத்துக்கொண்டிருந்தது, வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் மேஜையில் எதிரே உட்கார்ந்தவன் ஏறி வந்து பேசவேண்டியிருந்தது. விலையைத் தீர்மானிப்பது திறமை மட்டுமில்லை, அந்தக் கதவுந்தான்.

கதவில்லாத பையன்கள் அங்கேயும் உண்டு. பக்கத்தில் டொமினிக்கன் குடியரசு, கரும்புத் தோட்டத்து நாடு. அந்தப் பையன்களுக்கு இந்தத் தேர்வு முறையும் கிடையாது, 16 வயசில் கையெழுத்து. 'புஸ்கோன்' என்று ஊருக்கு ஊர் புரோக்கர்கள் சின்ன வயசிலேயே பிடித்துப் பழக்கி, வருகிற தொகையில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வார்கள். வயசு குறைவாக இருந்தால் விலை அதிகம் என்பதால் பிறப்புச் சான்றிதழில் வயசைக் குறைத்து எழுதி மாட்டியவர்கள் பலர். நம் பக்கம் மில் புரோக்கர் பதினஞ்சை பதினெட்டாக்குவார். அங்கே இறக்குகிறார்கள், இங்கே ஏற்றுகிறார்கள். கறுத்த பிள்ளைகளின் வயசுக்கு உலகம் பூராவும் அழிரப்பர் இருக்கிறது.

சின்ன லீக் என்று சொன்னேனே, அங்கே அந்தப் பெருந்தொகை கிடைக்காத ஆயிரக்கணக்கான பையன்கள் வருசக்கணக்கில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் தரப்பு சொன்ன வாதம் என்ன தெரியுமா? இவர்கள் தொழிலாளிகள் இல்லை, பருவ காலத்துக்கு வந்து பழகுகிறவர்கள், அப்ரண்டிஸ். அதே சொல்! அட்லாண்டிக் தாண்டியும் முதலாளிக்கு ஒரே அகராதி. 2022-ல் 18 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அதே வருசம் சின்ன லீக் பையன்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தை 1966-லிருந்து கட்டி எழுப்பிய மார்வின் மில்லர் பந்து விளையாடியவர் இல்லை. இரும்பாலைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர்.

கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரையும் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருதரம் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அந்த அணியின் சொத்து என்று அப்போதெல்லாம் விதி. 1969-ல் அவரை வேறு ஊர் அணிக்கு மாற்றினார்கள். வருசத்துக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர், வாங்கி விற்கிற பொருளில்லை நான் என்று கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார். ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. மூன்று வருசம் கழித்து, 1975-ல், வேறு ரெண்டு வீரர்கள் விசயத்தில் அந்த விதி உடைந்தது. இவ்வளவு சம்பளம் வாங்குகிறவன் அடிமை என்று சொல்லலாமா என்று அன்றைக்கு அவரைக் கேட்டார்கள். அடிமை அடிமைதான், சம்பளம் எவ்வளவாக இருந்தால் என்ன என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். நம்மில் அரசு வேலைக்கு வந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் நாட்டிலும் ஒரு விளையாட்டு வழக்கு உண்டு. 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் கட்டிய கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பெழுதினார். சங்கிலி போட்டுக் கட்டவேண்டியதில்லை, பசியும் கட்டிப்போடும் என்பதை அந்தத் தீர்ப்பு ஒத்துக்கொண்டது. பாபாசாகேப் தலைமையிலான குழு வரைந்த சட்டத்தில் இருக்கிற பிரிவு அது. மில் கேட்டில் எழுதி ஒட்டவேண்டியது.

பாபாசாகேபும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர்தான். 1913 ஜூன் மாசம், 22 வயசு. மூன்று வருசம் அமெரிக்காவில் படிக்க பரோடா சமஸ்தானம் மாசம் பதினொன்றரை பவுன் கொடுக்கும், படித்து முடித்ததும் பத்து வருசம் பரோடாவில் வேலை பார்க்கவேண்டும். போட்டார். கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1917-ல் வாக்குப்படி பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். பியூன் ஃபைலைத் தூக்கி வீசினான், தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார், தங்க ஒரு அறை கிடைக்காமல் பம்பாய்க்குத் திரும்பினார். ஒப்பந்தத்தை முறித்தது யார்? சாதிதான். ஆனால் அதற்குள் அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது, படிப்பை யாராலும் திருப்பி வாங்க முடியாது. அதனால்தான், கையெழுத்தே போடாதே என்று நான் சொல்லவில்லை. போட்ட மறுநாள் நீ ஓடிவர நேர்ந்தால் உன் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துப் போடச் சொல்கிறேன்.

இங்கே நம் வீட்டு ஆண்களைப் பற்றியும் பேசியாகவேண்டும். மில்காரனைத் திட்டுவது சுலபம். அந்தத் தொகை எதற்கு? வரதட்சணைக்கு. 1961-லேயே தடை செய்த சங்கதி. எங்கள் ஆத்தா காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். காட்டுவேலைக்குப் போகிற ரெண்டு கை வீட்டுக்கு வருகிறது, அதற்கு மரியாதை. இப்போது ஊர்த்தெருவைப் பார்த்து நாமும் பவுன் கேட்கிறோம். டிகிரி படித்த, அம்பேத்கர் படம் போட்ட பனியன் மாட்டுகிற நம் பையன் பொண்ணு பார்க்கப் போனால் அவன் அம்மா என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கம்முனு உட்கார்ந்திருப்பான். அந்தக் கம்முனு இருப்பதற்குத்தான் ஒரு பெண் மூன்று வருசம் அரை நைட்டும் முழு நைட்டும் பார்த்தாள்.

இப்போதெல்லாம் சுமங்கலி என்று பேர் போட்டு ஆள் எடுப்பது அடங்கிவிட்டது. வழக்குகள், வெளிநாட்டு ஜவுளிக் கம்பெனிகளின் கேள்விகள், பத்திரிகைச் செய்திகள் என்று பேரை மறைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் மறையவில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். 2014-ல் வந்த மத்திய அரசின் கிராமத் திறன் பயிற்சித் திட்டம் வழியாக வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஆதிவாசிகள், தலித்துகள். இந்திக்காரி வந்துட்டா என்று நம்மாள்களே பேசுவதைக் கேட்கிறேன். அவள் நம் அக்காள் படுத்த பாயில்தான் வந்து படுத்திருக்கிறாள்.

ஹாஸ்டல் கேட்டுக்குள் யூனியன் போக முடியாது என்று பெரிய சங்கங்கள் கையை விரித்த காலம் ஒன்று இருந்தது. இதே கோவை மில் தொழிலாளர்களில் நாலு பேர், சின்னியம்பாளையம் தியாகிகள், 1946 ஜனவரி 8-ல் தூக்குமேடை ஏறியிருக்கிறார்கள். அந்த மண்ணில்தான் கேட்டைக் கண்டு திரும்பி வந்தார்கள். பெண்களே நடத்தும் ஒரு சங்கம் போய்க் காட்டியது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த ஆலையின் சூப்பர்வைசர். தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம், எச் அண்ட் எம், கேப் மாதிரி வாங்குகிற கம்பெனிகளோடும் ஒப்பந்தம். பாலியல் தொல்லையும் சாதி வசவும் நடந்தால் தொழிலாளிகளிலிருந்தே வருகிற கண்காணிப்பாளர்கள் கேட்பார்கள், நிர்வாகம் மீறினால் வாங்குகிறவன் ஆர்டரைக் குறைக்கவேண்டும். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதைப் படிக்கிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 2022-ல் இன்னொன்றும் நடந்தது. 1989-லிருந்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் அரசு திருமண உதவி கொடுத்துவந்தது. பணமும் பின்னாளில் தாலிக்குத் தங்கமும். அந்த அம்மையார் வாழ்க்கை பூராவும் எதை எதிர்த்துப் போராடினார் என்று தெரிந்தவர்களுக்கு அவர் பேரில் தாலித் தங்கம் கொடுத்தது ஒரு வேடிக்கைதான். அதை மாற்றிப் புதுமைப் பெண் திட்டமாக்கினார்கள். 2022 செப்டம்பர் 5-ல் தொடக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாசம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் கோவையில் தமிழ்ப் புதல்வன் என்று தொடங்கினார்கள். நான் அரசைப் புகழ எழுதவில்லை. 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் பேனாவுக்குமே சரியாகிவிடும். ஆனால் குமாஸ்தாப் புத்தி சும்மா இருக்கவில்லை, பெருக்கிப் பார்த்தேன். மூன்று வருசப் பட்டப்படிப்புக்கு 36,000. மில்காரன் சொன்ன அதே தொகை, அதே மூன்று வருசம். மாசாமாசம் வருகிறது, நடுவில் நின்றாலும் அதுவரை வந்தது அவளுடையது. ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகை இதற்கு மேல் தனி.

இத்தனைக்கும் கதவு முழுசாகத் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. திருப்பூர் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலோ சிக்கண்ணா கல்லூரியிலோ இடம் கிடைத்தாலும், வீட்டில் மூன்று வருசத்துக்கு ஒரு கூலி குறைகிறதே, அதற்கு 1,000 ரூபாய் ஈடாகாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தண்ணீர் வருகிறதா, கக்கூசுக்குக் கதவு இருக்கிறதா என்று பார்க்க நம்மில் யார் போகிறோம்? 2009-ல் வாங்கிய அருந்ததியர் 3 சத உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. அதற்கு நாம் வெடி வெடித்தோம், இனிப்பு கொடுத்தோம். அந்த இடத்தில் போய் உட்காரவேண்டிய பெண் ப்ளஸ் டூவோடு கோன் வைண்டிங்கில் நின்றுகொண்டிருந்தால் ஒதுக்கீட்டை யார் அனுபவிப்பது?

பல்லடத்தில் கறிக்கோழிக்குத் தினமும் கொள்முதல் விலை அறிவிக்கிறார்கள். கிலோ என்ன விலை என்று தமிழ்நாடு பூராவும் தெரியும். எங்கள் வளவுப் பெண்ணின் மூன்று வருசத்துக்கு என்ன விலை என்பதை மட்டும் புரோக்கர் வந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பன் காதில் சொல்லிவிட்டுப் போகிறார். அதை வெளியே சத்தம் போட்டுச் சொல்வதில் தொடங்கலாம். அப்புறம் என்னிடம் வந்த பெண் கேட்டாளே, அந்தக் கேள்வியையும் புரோக்கரிடம் முதல் நாளே கேட்கவைக்கவேண்டும்: எனக்கு மாசாமாசம் எவ்வளவு, நடுவுல வந்தா எவ்வளவு, உங்ககிட்ட இருக்கற காசுக்கு வட்டி எவ்வளவு. கேட்டுவிட்டு அவள் மில்லுக்கே போகட்டும், அது அவள் முடிவு. போகிறவளுக்குச் சங்கத்தின் போன் நம்பர் கையில் இருக்கவேண்டும், கணக்குப் புத்தகம் அவள் பேரில் இருக்கவேண்டும், அப்பன் பேரில் இல்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாசம் வருகிறது. புரோக்கர் அந்த வாரமே வந்துவிடுவார், தாமதிப்பதில்லை. பொங்கலூர், சுல்தான்பேட்டை, மங்கலம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வளவுக்குப் போய், பரீட்சை எழுதிய பெண்கள் எத்தனை பேர், யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, யாருக்கு ஆதாரோடு சேர்த்த வங்கிக் கணக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்குத் திறக்கிற பாரத்தை நான் கொண்டுவருகிறேன்.